கடல் கடக்குமுன் ஒரு கணக்கு

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது. டொக்யார்ட் வீதிப் பக்கமிருந்து ஒரு தந்தையும் மகளும் என் வீட்டு விறாந்தைக்கு வந்தனர். தந்தை துறைமுகத்தில் நாட்சம்பளத்துக்கு மூட்டை இறக்குபவர். மகள் உயர்தரப் பரீட்சையில் வணிகப் பிரிவில் நன்றாகச் சித்தியெய்தியவள். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாயிலைக் கண்டவர் அதுவரை எவருமில்லை.

பிள்ளையின் கையில் இரண்டு ஏடுகள் இருந்தன. ஒன்று, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூல். மற்றையது, சென்னைக்கு அருகிலுள்ள தனியார் கல்லூரி ஒன்றின் வழவழப்பான விளம்பர ஏடு.

"மாஸ்டர், திருகோணமலையில இடம் கிடைக்காட்டி மாத்தறைக்கும் போட்டுடுவாங்களாம். அங்க பிள்ளைக்குப் பாஷை தெரியாது. சென்னை எண்டால் நம்மட தமிழ்தானே?" என்றார் தந்தை.

நான் உடனே விடை கூறவில்லை. கூறாமைக்குக் காரணம் உண்டு.

திருகோணமலையில் ஆசிரியத் தொழில் பார்த்தவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. இவ்வூரிற் பிறந்த கனகசுந்தரம்பிள்ளை, சரவணமுத்துப்பிள்ளை என்னும் சகோதரர் இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து சென்னையில் உயர்கல்வி பெற்றவர்கள். இளையவராகிய சரவணமுத்துப்பிள்ளை சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராய் இருந்தார். நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட 'மோகனாங்கி' என்னும் நாவலை 1895இல் வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதனைப் போற்றுவர். இவர்களுக்கும் முன்னே, 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய் விளங்கியவர்கள் யாழ்ப்பாணத்துத் தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் ஆவர். இக்கதைகளை வகுப்பறையில் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

அவ்வாறு சொல்லியே ஒரு பிழையும் செய்தேன். 2019ஆம் ஆண்டில் மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் இதே கேள்வியுடன் வந்தான். தொலைதூரப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. "நம் முன்னோர் சென்ற வழி இருக்கிறதே, துணிந்து போ" என்றேன். தாயின் நகைகளை அடைவு வைத்து அவன் இந்தியா சென்றான். 2022இல் இலங்கை ரூபாய் சில மாதங்களிலேயே தன் மதிப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை இழந்தது. கல்லூரிக் கட்டணம் ஏறவில்லை. ஆயினும் அதைக் கட்டுதற்கு வேண்டிய நம் பணம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. பையன் பட்டம் பெறாமலே திரும்பினான். அடைவு நகைகளும் மீளவில்லை. அவன் என்னை ஒருபோதும் கடிந்ததில்லை. வழியிற் கண்டால் இன்றும் வணங்கிச் செல்கிறான். அந்த வணக்கம் எனக்குச் சுடுகிறது.

நான் மறந்தது யாது? சரவணமுத்துப்பிள்ளை சென்னை சென்ற நாளில் இலங்கையில் பல்கலைக்கழகமே இல்லை. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி 1921இலும் இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இலுமே தோன்றின. இலவசக் கல்வி வந்தது 1945இல். யாழ்ப்பாணத்தில் 1974இலும் மட்டக்களப்பு வந்தாறுமூலையில் 1981இலும் உயர்கல்விக் கழகங்கள் எழுந்தன. நம்மூர் வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. முன்னோர் கடல் கடந்தது கல்லூரி இன்மையால். என் மாணவன் கடந்தது கணக்கின்மையால்.

ஆதலின் இம்முறை ஒரு தாளை எடுத்து, இரண்டு பத்திகளாகக் கோடு கிழித்துப் பிள்ளையிடம் கொடுத்தேன்.

முதலாவது, இடம். நம் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான துறைகளுக்கு 40 விழுக்காட்டு இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களுக்கும், 5 விழுக்காடு பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவை. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. விருப்ப வரிசையில் எழுதாத இடம் நமக்கு வராது. அச்சத்தால் ஒன்றை விட்டுவிட்டால் அந்தக் கதவை நாமே அடைக்கிறோம்.

இரண்டாவது, செலவு. அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தற் கட்டணம் இல்லை. தகுதியுடையோர்க்கு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மகாபொல உதவியும் உண்டு. அது முழுச் செலவுக்கும் போதாது என்பது மெய். விடுதி எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், சாப்பாட்டுக்கு எவ்வளவு, ஆண்டில் எத்தனை முறை வீடு வரலாம் என்பவற்றை அங்கே படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளிடமே கேட்டு எழுதவேண்டும். கடல் கடப்பதாயின் முதலாண்டுக் கட்டணம் மட்டும் போதாது. எல்லா ஆண்டுகளின் கட்டணம், விசா, பயணம் யாவும் சேரவேண்டும். நாணய மதிப்பு விழுந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

மூன்றாவது, அங்கீகாரம். அயல்நாட்டுப் பட்டத்தை நம் ஆணைக்குழு ஏற்குமா என்பதைச் சேருமுன் அறியவேண்டும். முகவர் சொல் சான்றாகாது.

நான்காவது, மொழி. இங்கேதான் தந்தையார் வியந்தார். மாத்தறையில் முகாமைத்துவப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. அந்தச் சென்னைக் கல்லூரியிலும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. வேறுபாடு வகுப்பறையில் இல்லை, வீதியில் இருக்கிறது. அந்த வீதி பிள்ளைக்குச் சிங்களம் கற்பிக்குமாயின் அதுவும் ஊதியமே; அரச சேவையிற் சேர்வோர் மற்றை அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்பது 2007 முதல் விதி. தனிமையும் அச்சமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவற்றையும் கணக்கில் எழுதச் சொன்னேன்.

இந்தியாவுக்குப் போகவே கூடாதா? அப்படியன்று. இந்திய அரசு இலங்கை மாணவர்க்கு நேரு நினைவு, மௌலானா ஆசாத் முதலிய புலமைப்பரிசில்களை வழங்கி வருகிறது. கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பிக்கலாம். அவ்வழி கடப்பவன் வீட்டை அடைவு வைத்துக் கடப்பதில்லை.

பிள்ளை பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். பாதியில் நிமிர்ந்து, "மாஸ்டர், அம்மாட தாலிக்கொடிய எந்தப் பக்கம் எழுதுறது? வரவா, செலவா?" என்றாள்.

கணக்கியலில் தேறிய பிள்ளை கேட்ட கேள்வி. தந்தை தரையைப் பார்த்தார். "இரண்டு பக்கமும் எழுதாதே, பிள்ளை. அது மூலதனமன்று" என்றேன். 2019இல் சொல்லியிருக்க வேண்டிய சொல்.

இருட்டுமுன் வரிசை முடிந்தது. திருகோணமலை முதலில், பின் வந்தாறுமூலை, யாழ்ப்பாணம், பேராதனை, இறுதியில் மாத்தறை. புலமைப்பரிசிலுக்கும் எழுதிப் பார்ப்பதென்று தீர்மானித்தனர். விளம்பர ஏடு விறாந்தையிலேயே கிடந்தது. அவர்கள் அதை எடுக்க மறந்தார்களோ, விட்டுச் சென்றார்களோ அறியேன்.

படியிறங்கும்போது தந்தையார் அந்தத் தாளை மீண்டும் ஒருமுறை பார்த்தார். கடைசி வரியில் அவர் விரல் நின்றது. துறைமுகப் பக்கம் திரும்பிச் சற்று நேரம் பார்த்தபின், "அங்கயும் கடல்தானே, மாஸ்டர்" என்றார்.