சிறுவர்க்கு நூல் எழுதும் கலை

நுழையுமுன்

ஓசூருக்கு அருகே, மாநில எல்லையை ஒட்டி அமைந்த ஊர் அத்திபெலே. வேலை நாடி இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுகின்றனர். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கின்றனர். அவர்களுள் பலர்க்குத் தமிழ் காதால் அறிந்த மொழி. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம் பிறகே வருகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவ்வயதுக்கு ஏற்ற கதை வேண்டும். ஆயினும் அது மிக எளிய சொற்களில் அமைய வேண்டும். அத்தகைய நூலை எழுதுவது எவ்வாறு? அதனைக் கற்றுக்கொள்ள இயலுமா?

வங்கிப் பணியாளர் கவிஞரானார்

'குழந்தைக் கவிஞர்' எனப் போற்றப்படும் அழ. வள்ளியப்பா, 1922-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள இராயவரத்தில் பிறந்தார். இளமையில் சென்னைக்கு வந்து, வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' இதழின் அலுவலகத்தில் பணியில் சேர்ந்தார். அவர் பார்த்தது கணக்கு வேலை. அவ்விதழின் ஆசிரியராக விளங்கிய எழுத்தாளர் தி. ஜ. ர. அவரை எழுதுமாறு ஊக்குவித்தார். பின்னர் இந்தியன் வங்கியில் பணியேற்று, ஓய்வு பெறும்வரை அங்கேயே தொடர்ந்தார். ஊதியம் வங்கியிலிருந்து வந்தது. பாடல்கள் ஓய்வு நேரத்தில் பிறந்தன. 23 பாடல்களைக் கொண்ட 'மலரும் உள்ளம்' 1944-இல் வெளிவந்தது.

கூடிக் கற்றல்

தனித்து எழுதுவோர் தம் குறையைத் தாமே காண்பது அரிது. 1950-இல் வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. 'சக்தி' வை. கோவிந்தன் அதன் தலைவராக விளங்கினார். எழுத்தாளரும் பதிப்பாளரும் ஒரே அவையில் கூடினர். சிறுவர் நூல் எழுதுவோரைப் பற்றிய விவரத் தொகுப்பு நூல் ஒன்றையும் சங்கம் வெளியிட்டது. பதிப்பாளர் தமக்கு வேண்டிய எழுத்தாளரைக் கண்டறிய இத்தகைய நூல் துணை செய்யும். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் வள்ளியப்பா 'கோகுலம்' சிறுவர் இதழின் ஆசிரியராகி, இளம் எழுத்தாளர்க்கு ஊக்கமளித்தார்.

எளிமை என்னும் உழைப்பு

பின்வரும் இரண்டு பகுதிகளையும் உரக்கப் படித்துப் பார்க்க.

அ) மழை மிகுதியாகப் பெய்தமையால் சாலையில் நீர் தேங்கி, செல்வி நடந்து செல்வதற்கு இடையூறு ஏற்பட்டது.

ஆ) மழை கொட்டியது. சாலை குளமாயிற்று. செல்வி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

இரண்டும் கூறும் செய்தி ஒன்றே. முதலாவதில் 'இடையூறு' என்பது செய்தியாக நின்றுவிடுகிறது. இரண்டாவதில் செல்வி செய்யும் செயலைப் படிப்பவர் கண்ணால் காண்கிறார். இடையூறு தானே விளங்குகிறது. தொடர்கள் குறுகியவை, சொற்கள் பேச்சில் பழகியவை. காதால் தமிழ் அறிந்த பிள்ளை இதனைத் தடையின்றிப் படிக்கும்.

படநூலில் மற்றொரு நுட்பம் உண்டு. செல்வியின் பாவாடை சிவப்பு என்பதை ஓவியம் காட்டிவிடும். எழுத்து அதனைச் சொல்ல வேண்டுவதில்லை. செல்வி மனத்துள் நினைத்ததை ஓவியத்தில் காட்டுவது கடினம். அதனை எழுத்துச் சொல்லும். கதையின் இறுதியில் அறிவுரையைத் தனியே கூறுவதையும் தேர்ந்த எழுத்தாளர் தவிர்ப்பர். படிப்பவர் தாமே உணர்வதற்கு இடம் தருவர்.

கையெழுத்துப்படி நூலாகும் வழி

எழுத்தாளரின் கையெழுத்துப்படியைப் பதிப்பாசிரியர் படித்துத் திருத்தங்கள் கூறுவார். ஓவியர் படம் வரைவார். பிழை திருத்துவோர் எழுத்துப்பிழைகளைக் களைவார். பெரிய தாளை மடித்து நூல் தைப்பதால், படநூல்கள் பெரும்பாலும் 16, 24, 32 எனப் பக்கங்கள் வருமாறு அமையும். எனவே கதையை அப்பக்கங்களுக்குப் பகிர்ந்து திட்டமிடல் வேண்டும்.

நூலை அச்சிடுமுன் எழுத்தாளரும் பதிப்பாளரும் ஒப்பந்தம் செய்துகொள்வர். விற்பனையில் எழுத்தாளர்க்கு உரிய பங்கு 'ராயல்டி' எனப்படும். சிலர் ஒரே தொகையாகப் பெற்றுக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுப்பதும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. எழுத்தாளரின் வாழ்நாளிலும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நூலின் உரிமை காக்கப்படுகிறது. ஆகவே ஒப்பந்தத்தை முழுமையாகப் படித்தறியாமல் கையொப்பமிடுதல் கூடாது.

இரு மொழி அறிந்தோர்க்கு உள்ள வாய்ப்பு

தென்னக ஆறுகளைப் பற்றி வள்ளியப்பா எழுதிய 'நம் நதிகள்' என்னும் நூலை நேஷனல் புக் டிரஸ்ட் பல இந்திய மொழிகளில் வெளியிட்டது. மொழிபெயர்ப்பாளர் இல்லையெனில் தமிழில் எழுதிய நூல் பிறமொழிச் சிறுவரைச் சென்றடைந்திராது.

பெங்களூரில் 2004-இல் தொடங்கப்பெற்ற பிரதம் புக்ஸ், குறைந்த விலையில் சிறுவர் நூல்களை வெளியிடும் நிறுவனம். 2015-இல் அது 'ஸ்டோரிவீவர்' என்னும் இணைய நூலகத்தை அமைத்தது. அதிலுள்ள கதைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். எழுதியவர், ஓவியர் பெயர்களைக் குறிப்பிட்டு வேறு மொழியில் பெயர்க்கலாம். தமிழும் கன்னடமும் அறிந்த சிறுவர் கதைகளை மொழிபெயர்க்கப் பழகுவதற்கு இது நல்ல களம்.

நந்திமலையில் தோன்றும் தென்பெண்ணை, கர்நாடகத்தைக் கடந்து ஓசூர் வழியாகத் தமிழகம் செல்கிறது. அதன் கரைகளில் வாழும் சிறுவரைப் பற்றிய கதையை, இரு மொழியும் அறிந்த ஒருவர் இரு கரையினர்க்கும் புரியுமாறு எழுத இயலும்.

சொற்பொருள்

இடையூறு – தடை
கையெழுத்துப்படி – அச்சிடுமுன் எழுத்தாளர் எழுதித் தரும் படி
பதிப்புரிமை – நூலை வெளியிடும் உரிமை
களைதல் – நீக்குதல்

பயிற்சி

1. வங்கிப் பணி வள்ளியப்பாவின் எழுத்துப் பணிக்கு எவ்வாறு துணையாயிற்று?
2. குழந்தை எழுத்தாளர் சங்கத்தால் பதிப்பாளர் பெற்ற பயன் யாது?
3. 'கடும் வெயிலின் காரணமாக முத்துவுக்கு மிகுந்த தாகம் ஏற்பட்டது.' இத்தொடரை மூன்று சிறு தொடர்களாக மாற்றி எழுதுக.
4. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் அவர் ஊர்க் கதை ஒன்றைக் கேட்டு, 16 பக்கப் படநூலாகத் திட்டமிடுக. ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துக் கூறுவது எது, ஓவியம் காட்டுவது எது எனக் குறிப்பிடுக.
5. அக்கதையை உம்மினும் இளைய ஒருவர்க்குப் படித்துக் காட்டுக. அவர் பொருள் கேட்ட சொற்களைக் குறித்து, அவற்றிற்கு எளிய சொற்களை இட்டு மீண்டும் எழுதுக.