முந்திரி தின்றால் வயிறு உப்புவது ஏன்?

முந்திரியில் காலக்டோ ஆலிகோசாக்கரைடு என்ற சர்க்கரைச் சங்கிலி அதிகம். அதை அறுக்கும் ஆல்ஃபா காலக்டோசிடேஸ் நொதி நம் சிறுகுடலில் சுரப்பதே இல்லை. அதனால் அந்தச் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அவை ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் கிளப்ப, வயிறு கும்மென்று உப்புகிறது.

பலருக்கு இது பெரிய தொல்லையில்லை. குடல் எளிதில் சிணுங்கும் ஐபிஎஸ் நோயாளிகளுக்கோ வலி சுருட்டி இழுக்கும்.

இவர்களுக்காக மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த, இப்படிச் செரிக்காமல் நொதிக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும் 'குறை ஃபாட்மேப்' உணவுமுறையில், வழக்கமான கைப்பிடி அளவு முந்திரியும் பிஸ்தாவும் ஆகாது. பாதாம் 10 வரை சரி. 20 என்றால் வம்பு. அக்ரூட் 30 கிராம் தின்னலாம். வேடிக்கை என்னவென்றால், வாயுவுக்குப் பேர்போன அவரைக் குடும்பத்து நிலக்கடலைக்கும் அனுமதி உண்டு.

தடை சில வாரங்களுக்குத்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.