சாரலில் நமுக்கும் பிஸ்கட்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மழையில் பெரும்பகுதி கேரளத்துப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுவதால், மிச்ச ஈரம் அந்த வாசல் வழியாகத் தென்காசிக்குள் நுழைகிறது. குற்றாலத்தில் அருவி கொட்டுவதும், தென்காசித் தெருக்களில் நாளெல்லாம் சாரல் அடிப்பதும், தட்டில் வைத்த பிஸ்கட் சாயங்காலத்துக்குள் நமுத்துப்போவதும் இந்த ஒரே காற்றின் வேலைதான்.

வீட்டில் பிஸ்கட்டும் கேக்கும் செய்து பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் அமையாது. மாவு, சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றுக்கும் கிராம் கணக்கு பார்க்கிறோம். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது தண்ணீர். எவ்வளவு ஊற்றினோம், அடுப்பில் எவ்வளவு வெளியேறியது, ஆறிய பிறகு காற்றிலிருந்து எவ்வளவு திரும்பி வந்தது என்பதைப் பார்த்தால் பேக்கிங்கின் பாதிப் புதிர்கள் அவிழ்ந்துவிடும்.

தண்ணீர் முதலில் மாவைத் தொடுகிறது. மைதாவில் குளுட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள் உள்ளன. ஈரம் பட்டுப் பிசையும்போது இவை கைகோத்து குளூட்டன் என்ற இழுவையான வலையாகின்றன. செங்கோட்டை அருகே பார்டர் கடையில் போடும் பரோட்டாவுக்கு அந்த வலை வேண்டும். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர வேண்டிய நெய் பிஸ்கட்டுக்கு அது ஆகாது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. நெய்யில் அநேகமாக இல்லை. நெய் மாவுத் துகள்களைச் சுற்றிப் பூசிக்கொள்வதால் புரதங்களுக்கு ஈரமும் எட்டுவதில்லை. 200 கிராம் மைதா, 100 கிராம் பொடித்த சர்க்கரை, 110 முதல் 120 கிராம் நெய், ஒரு சிட்டிகை உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் இந்த மாவு உருண்டையாகச் சேரும். சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். மேற்கொண்டு பிசைந்தால் பிஸ்கட் கடினமாகும்.

சாரல் மாதங்களில் மைதாவே கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பால் சேர்க்கும் மாவானால், சொன்ன அளவில் ஒரு ஸ்பூன் குறைத்து ஊற்றிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் சேர்ப்பது நல்லது. சமையல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கப்பில் அமுக்கி எடுத்த மாவுக்கும் தளர்வாக எடுத்த மாவுக்கும் எடையில் நிறையவே வித்தியாசம் வரும்.

அடுத்தது அடுப்பு. தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ஓவன் 180 டிகிரியில் எரிந்தாலும் வெந்த கேக்கின் நடுப்பகுதி நூறுக்குக் கீழேதான் இருக்கும். மாவிலுள்ள ஸ்டார்ச் வீங்கி இறுகவும், முட்டைப் புரதம் கெட்டியாகவும் அதுவே போதும். மேல்புறம் மட்டும் காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போது சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மயார் 1912இல் விவரித்ததால் அதை மயார் வினை என்கிறோம்.

ஓவன் இல்லாத வீடுகளில் குக்கர் கேக் செய்கிறார்கள். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு வைத்து, தண்ணீர் ஊற்றாமல் பத்து நிமிடம் சூடேற்றிய பிறகு கேக் பாத்திரத்தை உள்ளே வைப்பது வழக்கம். கேக் நன்றாகவே வேகும், ஆனால் மேல்புறம் வெளுத்துக் கிடக்கும். மாவிலிருந்து கிளம்பும் ஆவி மூடிக்குள் தங்கி மேற்பரப்பைக் காயவிடாததுதான் காரணம். கேக்குக்கு இது குறையல்ல. பிஸ்கட்டுக்குப் பெரிய குறை. குக்கரில் பிஸ்கட் சுடுகிறவர்கள் கடைசிச் சில நிமிடங்கள் மூடியைச் சற்றுத் திறந்து வைத்து ஆவியை வெளியேற்ற வேண்டும்.

கேக் உப்புவதும் வாயுவால்தான். சமையல் சோடா தயிரின் புளிப்போடு சேர்ந்ததும் கரியமில வாயு குமிழியிடத் தொடங்கும். கலந்த மாவை நெடுநேரம் காத்திருக்க வைக்கக் கூடாது என்பது அதனால்தான். 200 கிராம் மாவுக்கு அரை டீஸ்பூன் சோடாவுக்கு மேல் வேண்டாம். மிஞ்சிய சோடா சோப்பு வாடையைத் தரும்.

இனி சாரலுக்கு வருவோம். நன்றாகச் சுட்ட பிஸ்கட்டில் ஈரம் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. கேக்கில் அதைப்போல் பல மடங்கு. இரண்டையும் காற்றில் வைத்தால் பிஸ்கட் ஈரத்தை வாங்கி நமுக்கிறது, கேக் ஈரத்தை இழந்து இறுகுகிறது. 1991இல் பிரிட்டனில் இந்த வேறுபாடு ஒரு வரி வழக்கிலேயே பேசப்பட்டது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு அங்கே வரி உண்டு, கேக்குக்கு இல்லை. மெக்விட்டீஸ் நிறுவனத்தின் ஜாஃபா கேக் எந்த வகை என்ற கேள்வி தீர்ப்பாயத்துக்குப் போனபோது, பழசானால் அது கேக்கைப்போல இறுகுகிறது என்பதும் கருத்தில் கொள்ளப்பட்டு, கேக் என்றே தீர்ப்பானது.

கேக் இறுகுவதற்கு ஈரம் போவது மட்டும் காரணமல்ல. ஈரம் வெளியேறாதபடி மூடி வைத்த ரொட்டியும் பழசாகிறது என்று பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852இலேயே காட்டினார். வெந்தபோது குலைந்த ஸ்டார்ச் மூலக்கூறுகள் ஆறியபின் மெல்ல மீண்டும் அடுக்காகச் சேர்கின்றன. ஃபிரிட்ஜின் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கும். லேசாகச் சூடு காட்டினால் அந்த அடுக்கு குலைந்து கேக் மறுபடி மெத்தென்று ஆகும்.

சர்க்கரையின் வகையும் முக்கியம். மழைக்காலத்தில் கருப்பட்டி கசிந்து பிசுபிசுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சர்க்கரையில் அநேகமாக சுக்ரோஸ் மட்டுமே. கருப்பட்டியில் அதோடு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், தாதுப்புகள் எல்லாம் இருப்பதால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் பக்கத்துப் பெரியவர்கள் கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்துக் காத்தது நல்ல அறிவியல். தென்காசியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தூத்துக்குடியின் மக்ரூனும் ஈரத்துக்கு அஞ்சும் பண்டம்தான். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த அந்த நுரை, உலர்ந்தால்தான் மொறுமொறுக்கும். தென்மேற்குப் பருவத்தில் தூத்துக்குடிக்கு மழை மிகக் குறைவு. அதே மாதங்களில் குற்றாலத்தில் மக்ரூன் முயல்கிறவர்கள் குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்த்தி, ஆறியவுடன் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துவிட வேண்டும். சூடாகவே அடைத்தால் உள்ளே வியர்த்துவிடும்.

மணத்துக்கு வெளியூர் எசன்ஸ் பாட்டிலைத் தேட வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே குற்றாலத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டார்கள். ஜாதிக்காயின் மணம் கொழுப்பில் கரைவது. துருவி, முதலில் நெய்யில் கலந்து வைத்தால் பிஸ்கட் முழுக்கப் பரவும்.

நமுத்த பிஸ்கட்டைத் தூக்கி எறியாதீர்கள். 120 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால் புகுந்த ஈரம் போய்விடும். முழுவதும் ஆறிய பிறகே மொறுமொறுப்பு திரும்பும். என் தீர்ப்பு இது: சாரல் மாதங்களில் பிஸ்கட்டுக்கு நெய்யும் வெள்ளைச் சர்க்கரையும், கேக்குக்குக் கருப்பட்டி. கருப்பட்டி கேக் மெத்தென்றே இருக்கும். ஆனால் சாரல் காற்றில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும், இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.