எண்ணெய் திருப்பும் சக்கரம்

திருவனந்தபுரத்துக்கு மேற்கே கடல். கிழக்கே நெடுமங்காட்டைக் கடந்தால் பொன்முடி வரை மலை. இவ்விரண்டுக்கும் நடுவே பிழைப்பை நாடி வந்து குடியமர்ந்த நம் குடும்பங்களில், மோட்டார்ப் பட்டறைத் தொழிலைக் கைக்கொண்ட பிள்ளைகள் உண்டு. பழைய ஜீப்பை வாங்கிப் புதுப்பித்து, பெரிய டயர் மாட்டி, பாறையிலும் சேற்றிலும் ஓட்டிப் பார்ப்பதில் இளைஞர்களுக்கு இக்காலத்தில் பேரார்வம். அவ்வார்வத்தின் அடுத்த படியாக, ஸ்டியரிங்கை முழுவதும் எண்ணெய் அழுத்தத்தாலேயே இயங்கும்படி குறைந்த செலவில் மாற்ற இயலுமா என்ற கேள்வி எழுகிறது. இயலும் என்பதே நம் விடை. ஆயினும் எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்யலாகாது என்பதை அறிந்த பின்னரே இவ்வேலையில் இறங்க வேண்டும்.

சாதாரண ஜீப்பில் ஸ்டியரிங் சக்கரத்தின் தண்டு ஒரு பெட்டியில் முடிகிறது. அப்பெட்டியிலிருந்து இரும்புத் தடிகள் சென்று முன் சக்கரங்களைத் திருப்புகின்றன. பெரிய டயர் இரு பாறைகளுக்கிடையே சிக்கிக்கொண்டால் ஓட்டுநரின் தோள் வலிக்கும். பலவந்தமாகத் திருப்பினால் தடி வளையும், அல்லது பெட்டி உடையும். 1951-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பவர் ஸ்டியரிங், ஓட்டுநரின் கைக்குத் துணை செய்வது மட்டுமே. இரும்புத் தடியின் தொடர்பு அதில் அறுபடுவதில்லை.

முழு ஹைட்ராலிக் ஸ்டியரிங்கின் அமைப்பு வேறு. இங்கே சக்கரத்துக்கும் டயருக்கும் இடையே தடியே கிடையாது. எஞ்சினால் சுழலும் பம்ப் எண்ணெயை அனுப்புகிறது. ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள அளவைக் கருவி, நாம் எவ்வளவு சுற்றுகிறோமோ அவ்வளவு எண்ணெயை மட்டும் அளந்து, வலப்புறமோ இடப்புறமோ விடுகிறது. அச்சின் மேல் பொருத்திய சிலிண்டர் அந்த எண்ணெயால் நகர்ந்து டயர்களைத் திருப்புகிறது. அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எத்திசையும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. 1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா அதைக் கொண்டே தம் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று டிராக்டரிலும், கிடங்குகளில் பாரம் தூக்கும் வண்டியிலும், ஜே.சி.பி. என்று நாம் பொதுப்பெயரிட்டழைக்கும் மண் வாரும் இயந்திரத்திலும் இம்முறை அன்றாடம் பயன்படுகிறது. ஆகவே ஏழைப் பட்டறைக்கு உகந்த பாகங்கள், பந்தயக் கார்க் கடையில் அல்ல, கழித்துப் போட்ட இவ்வியந்திரங்களில்தான் கிடைக்கும்.

பாகம் வாங்கப் புறப்படும் முன் கணக்குப் போடுவது முதல் சிக்கனம். இரு முனையிலும் தண்டு நீண்ட ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 63 மில்லிமீட்டர், தண்டு 38 மில்லிமீட்டர், ஓட்டம் 200 மில்லிமீட்டர் என்றால், அதை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தள்ள ஏறத்தாழ 400 கன சென்டிமீட்டர் எண்ணெய் வேண்டும். அளவைக் கருவி சுற்றுக்கு 160 கன சென்டிமீட்டர் தருமாயின் ஸ்டியரிங்கை இரண்டரைச் சுற்றுச் சுற்றினால் போதும். 100 தருமாயின் நான்கு சுற்று வேண்டும். 100 பார் அழுத்தத்தில் இச்சிலிண்டர் ஏறத்தாழ 2 டன் விசையோடு தள்ளும். வினாடிக்கு ஒரு சுற்று வேகத்தில் திருப்ப, பம்ப் நிமிடத்துக்கு 9.6 லிட்டர் அனுப்ப வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் அவ்வளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் பாறை நடுவே ஸ்டியரிங் கல்லாய் இறுகும்.

ஒரு முனையில் மட்டும் தண்டுள்ள சிலிண்டர் விலை குறைவு என்று அதனை வாங்குவோர் உண்டு. தண்டு உள்ள பக்கத்தில் எண்ணெய்க்கு இடம் குறைவாதலால், மேற்சொன்ன அளவிலேயே ஒருபுறம் திருப்ப இரண்டரைச் சுற்றும் மறுபுறம் திருப்ப ஏறத்தாழ நான்கு சுற்றும் ஆகும். அவசரத்தில் கை ஏமாறும். இரு முனைத் தண்டுள்ளதையே தேடுக.

இனி, எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று பார்ப்போம். அளவைக் கருவியைப் பழையதாக வாங்கி, ஆயில் சீல்களை மாற்றி, சோதித்துப் போடலாம். எண்ணெய்த் தொட்டியைத் தகட்டில் நாமே செய்யலாம். எண்ணெய் சூடு தணிக்கும் குழாய்ச் சட்டத்தைப் பழைய வண்டியிலிருந்து எடுக்கலாம். இரும்புக் கடைகளிலும் ஆக்கிரிக் கடைகளிலும் கண் வைத்திருக்கும் நம்மவருக்கு இவை எட்டாத பொருள்கள் அல்ல.

சிக்கனம் கூடாதவை நான்கு. அழுத்த ஹோஸ் புதியதாக, உரிய அழுத்தத்துக்கு ஏற்றதாக, இயந்திரத்தில் முனை இறுக்கியதாக இருக்க வேண்டும். அழுத்தம் மிகும்போது எண்ணெயைத் திருப்பி விடும் ரிலீஃப் வால்வு இருந்தே ஆக வேண்டும். சிலிண்டரை அச்சோடு பிடிக்கும் வெல்டிங் தேர்ந்த கையால் ஆக வேண்டும். எண்ணெயை வடிகட்டும் ஃபில்டர் இன்றி ஓட்டலாகாது. ஒரு துகள் மணல் அளவைக் கருவியைக் கீறிவிடும். மேலும், கசிவு இருக்கிறதா என்று அழுத்தமுள்ள ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆயினும் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை.

எஞ்சின் நின்றாலும் பல அளவைக் கருவிகள் கைப் பம்ப் போல வேலை செய்து, சிரமத்தோடேனும் வண்டியைத் திருப்ப விடும். ஆனால் ஹோஸ் வெடித்தால் அந்த வழியும் இல்லை. ஸ்டியரிங் வெறுமனே சுழலும். வண்டி தன் போக்கில் போகும். ஆணைக்கும் சக்கரத்துக்கும் உள்ள ஒரே தொடர்பு அந்த எண்ணெய்தான்.

தொடர்பு அறுந்தால் பேராற்றலும் பயனற்றது என்பதற்கு நம் நகரத்தோடு தொடர்புள்ள சான்று ஒன்று உண்டு. 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. பின்னர் இங்கே வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையம் பெரிய ஏவுகலங்களை உருவாக்கி வருகிறது. அக்கலங்களிலும் எஞ்சினைச் சற்றே சாய்த்துத் திசை திருப்ப எண்ணெய் அழுத்தம் பயன்படுகிறது. 2010 டிசம்பர் 25-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த ஜி.எஸ்.எல்.வி. எஃப்06 கலத்தில், பறக்கத் தொடங்கி ஒரு நிமிடம் ஆகுமுன் சில மின் இணைப்பிகள் கழன்றன. கணிப்பொறியின் ஆணை திருப்பும் கருவிகளை எட்டவில்லை. கலம் நிலை தவறியது. அதை வானிலேயே அழிக்க நேர்ந்தது. எஞ்சின்களுக்கு வலிமை குறையவில்லை. அறுந்தது தொடர்பு மட்டுமே. அங்கே கலத்தில் மனிதர் எவரும் இல்லை. ஜீப்பில் நம் பிள்ளை இருக்கிறான்.

ஆதலால் இவ்வாறு மாற்றிய ஜீப் பொதுச் சாலைக்கு உரியதன்று. சட்டமும் அதையே சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் அமைத்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதி செய்தது. அனுமதியின்றிக் காப்புக் காட்டுக்குள் ஓட்டுவதும் குற்றம். உரிமையாளர் இசைந்த தனியார் நிலத்தில், மெதுவான வேகத்தில், இருக்கைப் பட்டையும் தலைக்கவசமும் அணிந்து ஓட்டுவதே தகும். வண்டியை அவ்விடத்துக்கு லாரியில் ஏற்றிச் செல்லும் வாடகையையும் தொடக்கத்திலேயே செலவுக் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். இந்த ஆர்வத்தை வீண் விளையாட்டென்று கடிந்து அடக்க வேண்டா. சிலிண்டரின் பரப்பைக் கணக்கிட்டு, பம்பின் அளவைத் தேர்ந்து, கசிவில்லாமல் முனை இறுக்கக் கற்ற கைக்கு, டிராக்டர் பட்டறையிலும் மண் வாரும் இயந்திரப் பட்டறையிலும் வேலை உண்டு. ஹோஸுக்குப் பணம் போதவில்லை என்று பிள்ளை தயங்கினால், அந்தச் செலவை மட்டும் நாம் ஏற்றுக்கொள்வோம்.