கூத்து மன்றத்துக்கு அரசு மானியம்: கணக்கு நோட்டு இருக்கிறதா?

பிழைப்பு தேடி ஊரை விட்டு வந்த நம்மவர்கள் பெங்களூர் அல்சூருக்கும், மும்பை தாராவிக்கும் தம்மோடு கொண்டு வந்தவற்றில் மேளமும் கூத்தும் உண்டு. ஆடி பிறந்தால் நோட்டும் கையுமாக வீடு வீடாக வசூல். பந்தல், மைக்செட், விளக்குச் செலவு போக மிஞ்சியதுதான் கலைஞனுக்கு. விடிய விடிய வேஷம் கட்டியவர் காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு ஷிப்டுக்கு ஓட வேண்டும்.

அரசு மானியம் என்று பேச்செடுத்தால், "நாம் வெளி மாநிலத்தார், நமக்கு யார் தருவார்கள்?" என்று கேட்பவர்களே அதிகம். மாநில அரசுகள் தத்தம் மொழிக் கலைகளுக்கு முதலிடம் தருவது இயல்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மத்திய கலாசார அமைச்சகம் தரும் மானியத்துக்கு இன்ன மொழி என்ற கட்டுப்பாடு கிடையாது.

நாடகம், கூத்து, இசை விழா ஆகியவற்றுக்கான திட்டம் ஒன்று உண்டு. செலவில் முக்கால் பங்கு வரை, சாதாரணமாக 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டுக் கிடைக்கும். மீதிக் கால் பங்கை மன்றமே திரட்ட வேண்டும். அதற்கு நம் வசூல் நோட்டு இருக்கவே இருக்கிறது! குருவுக்கு மாதம் 15,000, வயது வந்த கலைஞருக்கு 10,000 என்று குழுக்களுக்கு உதவும் குரு-சிஷ்ய திட்டமும் உண்டு.

எங்கே சறுக்குகிறது?

மன்றம் சங்கமாகப் பதிவாகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் தேவை. பதிவாகி மூன்று ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். தணிக்கை செய்த வரவு செலவும் வேண்டும். கோயில் கமிட்டியின் பெயரில் விண்ணப்பித்தால் பயனில்லை. மத அமைப்புகளுக்கு இந்த விழா மானியம் கிடையாது. நம்மவர் கூத்து பெரும்பாலும் கோயில் கமிட்டியின் நிழலில்தானே நடக்கிறது? மன்றத்தைத் தனியாகப் பதிவு செய்வதே வழி.

பணமும் ஒரேயடியாக வராது. முதலில் முக்கால் பங்கு. நிகழ்ச்சி முடிந்து, பட்டயக் கணக்காளர் கையெழுத்திட்ட கணக்கைக் காட்டிய பிறகே மீதி. ஒப்பனைக்காரருக்கும் மத்தளக்காரருக்கும் கையில் கொடுத்த பணத்துக்கு ரசீது இல்லையென்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பத்து மணி முதல் ஐந்து மணி வரை ஊரார் பைலையெல்லாம் நகர்த்தும் நம் குமாஸ்தாக்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மன்றத்தின் பைலையும் பார்க்கக் கூடாதா? பாட்டும் ஆட்டமும் தெரிந்தவருக்கு வவுச்சர் எழுதத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முதியவர் நிலை

வயதான கலைஞர் பாடுதான் இன்னும் சிக்கல். 60 வயதான ஏழைக் கலைஞருக்கு மாதம் 6,000 ரூபாய் வரை உதவும் மத்தியத் திட்டம் இருக்கிறது. ஆனால் அவர் முன்னதாகவே தம் மாநில அரசிடமிருந்து மாதம் 500 ரூபாயாவது கலைஞர் ஓய்வூதியம் பெறுபவராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டை விட்டு வந்து நாற்பது ஆண்டான கூத்து வாத்தியாரின் பெயர் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

மேற்கு வங்கத்தில் 2014-ல் தொடங்கிய லோக் பிரசார் திட்டம் கிராமியக் கலைஞர்களைப் பதிவு செய்து, மாதம் 1,000 ரூபாயும் ஆடிய நிகழ்ச்சிக்குத் தனியாகவும் தருகிறது. அங்கேயும் பதிவு அட்டைதான் முதல் படி. உங்கள் பேட்டையில் மத்தளம் வாசித்த பெரியவர் இருந்தால், ரேஷன் கார்டு, ஆதார், பழைய நோட்டீஸ், மேடையில் எடுத்த படம் எல்லாவற்றையும் திரட்டி, இப்போது வசிக்கும் மாநிலத்தின் கலாசாரத் துறையில் முதலில் மனுக் கொடுங்கள். அச்சகப் பெயரும் தேதியும் உள்ள நோட்டீஸ் கிடைத்தால் அதைத் தனியே பத்திரப்படுத்துங்கள். இத்தனை ஆண்டாக ஆடியவர் என்று காட்ட அது உதவும்.