திருப்போரூர் வட்டார நீர்நிலைகளும் தொலையுணர்வும்

தொலையுணர்வு என்பது ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் கதிர்வீச்சை அளந்து அதன் தன்மையை அறியும் முறையாகும். செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள திருப்போரூர் வட்டாரம் இம்முறையின் பயனையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. இங்கு மேற்கே மழைநீரைத் தேக்கும் ஏரிகளும், கிழக்கே கோவளத்திலிருந்து மாமல்லபுரம் நோக்கி நீளும் உப்பங்கழியும், பக்கிங்காம் கால்வாயும், அவற்றுக்கு அப்பால் கடற்கரை மணல்மேடுகளும் அமைந்துள்ளன.

செயற்படும் விதம்

நீர் அண்மை அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சிவிடும். பச்சை இலைகளோ அவற்றை மிகுதியாகத் திருப்பியனுப்பும். எனவே செயற்கை நிறமூட்டிய படிமத்தில் ஏரி கருமையாகவும், வயல் சிவப்பாகவும், உப்புப் பூத்த தரை வெண்மையாகவும் தோன்றும். 2011இல் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லிஸ்-3 உணரிக்குப் பிரிதிறன் 23.5 மீட்டர், அதாவது ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 550 சதுர மீட்டர் நிலத்தைக் குறிக்கும். தையூர் ஏரி போன்ற பெரிய ஏரிக்கு இது போதும், ஊர்க் குட்டைக்குப் போதாது.

படம் எடுத்த மாதம்

இவ்வேரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றுபவை. மே மாதப் படிமத்தை மட்டும் கொண்டு நிலத்தை வகைப்படுத்தினால் வறண்ட ஏரி தரிசு எனப் பதிவாகக்கூடும். சீமைக் கருவேலம் மண்டிய ஏரி புதர்க்காடாகவும், ஆகாயத்தாமரை மூடிய ஏரி பயிர்நிலமாகவும் தோன்றும். பழைய மாமல்லபுரம் சாலையோரம் மனைகள் பெருகிவரும் வட்டாரத்தில் ஓர் ஏரி வரைபடத்தில் தரிசாக மாறுவது சிறு பிழையன்று. ஆகவே பல பருவப் படிமங்களை ஒப்பிடுவதோடு, 'ஏரிப் புறம்போக்கு' எனக் குறிக்கும் வருவாய்த் துறைப் பதிவேடுகளையும் புலப்படங்களையும் அவற்றின்மேல் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

ஏரி நிரம்பும் மாதங்களிலோ மேகம் மறைக்கும். 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1, 2022இல் இஸ்ரோ ஏவிய இ.ஓ.எஸ்-04 ஆகியவற்றின் ரேடார் அலைகள் மேகத்தை ஊடுருவும். அசைவற்ற நீர்ப்பரப்பு அவற்றை வேறு திசையில் தெறிக்கச் செய்வதால் கருமையாகத் தெரியும். காற்றில் நீர் அலையுறும்போது இவ்வேறுபாடு குறையும்.

உப்பங்கழி

டிசம்பரில் நீராகத் தெரியும் கழிப்பகுதி மே மாதத்தில் வெண்ணிற உப்புத்தரையாகத் தெரியலாம். இரண்டு படிமங்களும் சரியானவையே. கோவளம் அருகே நன்னீர் நீர்த்தேக்கம் ஒன்று அமைக்கப்படும் என்று தமிழக அரசு 2025இல் அறிவித்தது. கழியில் மீனும் இறாலும் பிடிப்போருக்கு நீரின் பரப்பைப் போலவே அதன் உவர்ப்பும் முக்கியமானது. பரப்பைச் செயற்கைக்கோள் அளந்து தரும். இத்தகைய குறுகிய கழியின் உவர்ப்பை நீரில் இறங்கி மாதந்தோறும் அளந்தே அறிய இயலும்.