திங்கள்கிழமை வேலைக்கும் போக வேண்டிய மஸ்டாங்

பழைய மஸ்டாங் ஒன்றைக் கால் மைல் பந்தயத்துக்குத் தயார்செய்ய நினைக்கிறவர்களில் பலர் முதல் நாளே பானட்டைத் திறந்துவிடுகிறார்கள். பெரிய கார்புரேட்டர், முரட்டு கேம்ஷாஃப்ட், பளபளக்கும் குரோம் மூடி என்று கையிலிருக்கும் காசெல்லாம் அங்கேயே கரைந்துவிடுகிறது. அவர்கள் முதலில் போக வேண்டியது காரின் பின்பக்கம். டயர், ஸ்பிரிங், ஆக்சில், பிரேக் ஆகியவை சரியாகும்வரை இன்ஜினுக்குச் செலவழிக்கும் பணம் டயர் புகையாகத்தான் போகும். ஞாயிறு பந்தயம் முடித்து, திங்கள் காலையில் நெரிசலில் ஊர்ந்து ஆபீஸ் போய்ச் சேர வேண்டிய காருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

நான் சொல்வது 1965, 66ஆம் ஆண்டுகளின் ஃபோர்டு மஸ்டாங் பற்றி. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், இன்றைக்கும் அமெரிக்காவில் சில வீடுகளில் தினசரி வாகனமாகவே ஓடுகிறது. அதற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. அதிலிருக்கும் 289 கன அங்குல, அதாவது 4.7 லிட்டர் வி8 இன்ஜினின் குடும்பத்தை ஃபோர்டு 2001 வரை தயாரித்துக்கொண்டே இருந்தது. அதனால் உதிரி பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைப் பரிசோதனையும் கிடையாது.

டிராக் பந்தயம் என்ற இந்தக் கால் மைல் ஓட்டம் பிறந்ததே தெருவில் ஓடும் கார்களால்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளைப் பிரித்து மேய்ந்து, இரவு நேரத்தில் பொதுச்சாலையில் மோதிக்கொண்டிருந்தார்கள். உயிர்கள் போயின. 1950இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் சான்டா ஆனாவில் விமான ஓடுபாதை ஒன்றில் முறையான பந்தயம் தொடங்கியது. மறு ஆண்டே, 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை அமைத்தார். அவர்களுடைய முதல் தேசியப் போட்டி 1955இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் ஊரில் நடந்தது. பந்தயத்தைச் சாலையிலிருந்து எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் வைப்பதுதான் அன்றைய நோக்கம். கவலைக்குரிய விஷயம், அந்த இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தெற்குக் கலிஃபோர்னியாவிலேயே சான்டா ஆனா களம் 1959இலும், லயன்ஸ் களம் 1972இலும், ஆரஞ்ச் கவுண்டி களம் 1983இலும் மூடப்பட்டன. களம் மூடப்பட்டால் சிலர் மறுபடி சாலைக்குத்தான் போவார்கள்.

களத்தில் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஒரு சின்னக் காகிதச் சீட்டு தருவார்கள். காரைப் பற்றி எந்த மெக்கானிக்கும் சொல்லாத உண்மை அதில் இருக்கிறது. மேலே, பச்சை விளக்குக்கு நீங்கள் எவ்வளவு வேகமாக அசைந்தீர்கள் என்ற கணக்கு. அடுத்து 60 அடி, 330 அடி, 660 அடி, 1,000 அடி, கடைசியாக 1,320 அடி. ஒவ்வொரு இடத்தையும் எத்தனை விநாடியில் தாண்டினீர்கள் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் வரை அச்சாகியிருக்கும். அடியில், முடிவுக் கோட்டைத் தாண்டும்போது இருந்த வேகம்.

புதிதாக வருகிறவர் கண் நேராகக் கடைசி வரிக்குப் போகும். அனுபவசாலி முதலில் 60 அடி வரியைப் பார்ப்பார். முடிவு வேகம் இன்ஜினின் பலத்தைச் சொல்கிறது. 60 அடி நேரம் அந்தப் பலம் தரையில் இறங்கியதா என்று சொல்கிறது. சாதாரணச் சாலை டயரோடு கிளம்பும் மஸ்டாங் அந்த 18 மீட்டரைக் கடக்க 2.3 விநாடி எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். நல்ல டயரும் பின் ஸ்பிரிங் வேலையும் அதை 1.9க்குக் கொண்டுவரலாம். 60 அடியில் மிச்சமாகும் ஒவ்வொரு 0.1 விநாடியும் முடிவில் 0.15 விநாடியாக, சில சமயம் அதற்கும் மேலாக வளரும் என்பது களத்தில் எல்லோருக்கும் பழகிய கணக்கு. பானட்டைத் தொடாமலே அரை விநாடிக்கு மேல் கிடைத்துவிடுகிறது! அதே அரை விநாடியை இன்ஜினில் தேடினால் செலவு எங்கேயோ போகும்.

இந்தக் கார் கிளம்பும் நொடியில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பின் ஆக்சிலைத் தாங்குவது லாரிகளில் உள்ள கமான் பட்டை போன்ற லீஃப் ஸ்பிரிங். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சக்கரம் முன்னோக்கிச் சுழல, ஆக்சில் ஹௌசிங் எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. பினியன் மூக்கு மேலே தூக்குகிறது. பட்டையின் முன்பாதி வளைந்து நெளிகிறது. ஓர் அளவுக்கு மேல் முறுக முடியாமல் அது படாரென்று திரும்ப, டயர் தரையை விட்டுத் துள்ளுகிறது. விழுந்ததும் மறுபடி பிடி, மறுபடி முறுக்கு, மறுபடி துள்ளல். விநாடிக்குள் பலமுறை நடக்கும் இந்தக் குதிப்பில் யுனிவர்சல் ஜாயின்ட்டும் ஆக்சில் ஷாஃப்ட்டும் உடைவது சாதாரணம். பட்டையின் முன்பாதி நெளியாதபடி ஆக்சிலைப் பிடித்துக்கொள்ளும் டிராக்‌ஷன் பார்கள்தான் இதற்கு மருந்து. கேரல் ஷெல்பியின் 1965 ஜி.டி.350 மஸ்டாங்கிலேயே அப்படிப்பட்ட பார்கள் இருந்தன.

டயர் விஷயத்தில் ஆசையை அடக்க வேண்டும். சாலைச் சட்டத்துக்கு உட்பட்ட டிராக் ரேடியல் டயர்கள் கிடைக்கின்றன. ரப்பர் மிருதுவானது, பிடி அபாரம். ஆனால் பள்ளங்கள் குறைவு, மழைத் தண்ணீரில் கார் மிதக்க ஆரம்பித்துவிடும், தேய்மானமும் அதிகம். தினமும் ஓட்டுகிறவர் தனியாக இரண்டு சக்கரங்களில் அவற்றை மாட்டி வைத்துக்கொண்டு, களத்துக்குப் போய் மாற்றிக்கொள்வதே சரி. சாலை டயரோடு ஓடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடக்கக் கோட்டுக்கு முன்னால் டயர் சூடாக்கத் தண்ணீர் தெளித்த இடம் இருக்கும். சாலை டயரை அதற்குள் விடாமல் சுற்றிக்கொண்டு போங்கள். பள்ளங்களில் ஏறிய தண்ணீர் தொடக்கக் கோட்டில் சொட்டும். உங்கள் பிடியும் போகும், பின்னால் வருகிறவர் பிடியும் போகும்.

ஷாக் அப்சார்பரிலும் இதே இழுபறிதான். முன்பக்கம் சுலபமாகத் தூக்கி எடை பின்னால் சாய்ந்தால் டிராக்கில் லாபம். அதற்கென்றே செய்த முன் ஷாக் அப்சார்பர்களை மாட்டிக்கொண்டு வேகமாக ஒரு வளைவில் திரும்பினால் வண்டி படகு மாதிரி ஆடும். தினசரிக் காரில் அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கிரவுன் பினியன். இந்தக் கார்களில் பலவும் 2.80, 3.00 விகிதத்தில் வந்தவை. நெடுஞ்சாலைக்கு அருமை, பிக்அப்புக்குப் பாதகம். 25 அங்குல உயர டயரோடு மணிக்கு 105 கி.மீ. வேகத்தில் போனால், 2.80 விகிதத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,450 சுற்று சுற்றும். 4.11 போட்டால் அதே வேகத்துக்கு 3,600 சுற்று. தினமும் ஒரு மணி நேரம் அந்த இரைச்சலில் உட்கார்ந்து போகிறவர் ஒரு மாதத்தில் காரை விற்றுவிடுவார். 3.55 ஒரு நல்ல சமரசம். சுமார் 3,100 சுற்றில் நிற்கும். இன்னும் நல்ல வழி, ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ். 1980இல் ஃபோர்டு கொண்டுவந்த ஏ.ஓ.டி. ஆட்டோமேட்டிக்கின் நாலாவது கியர் விகிதம் 0.67. அதை மாட்டினால் 4.11 பினியனோடும் நெடுஞ்சாலையில் 2,400 சுற்றுதான். டிராக்கில் துள்ளிக் கிளம்பும், சாலையில் அமைதியாகப் போகும். இந்தக் காரில் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆக்சில் ஹௌசிங்கையும் மறக்கக் கூடாது. சாதாரண வி8 மாடலில் இருப்பது 8 அங்குல கிரவுன். 271 குதிரைசக்தி மாடலுக்கு ஃபோர்டே 9 அங்குலத்தைக் கொடுத்தது. பலத்தைக் கூட்ட நினைப்பவருக்கு அந்த முடிவே போதுமான குறிப்பு.

பிரேக்கைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். சாதாரண 1965, 66 மஸ்டாங்கில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக், மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்கேயாவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் கைவிரித்துவிடும். இரண்டு அறை உள்ள சிலிண்டர் மஸ்டாங்குக்கு 1967 மாடலில்தான் வந்தது. 160, 170 கி.மீ. வேகத்தில் முடிவுக் கோட்டைத் தாண்டப் போகிற காரை இந்த நிலையில் களத்துக்கு எடுத்துப்போகவே கூடாது. முன்பக்கம் டிஸ்க், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், தோளையும் பிடிக்கும் சீட் பெல்ட். இந்த மூன்றும் முடிந்த பிறகே குதிரைசக்திப் பேச்சு. டிக்கியிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இந்தக் காரில் பெட்ரோல் டாங்கின் மேற்பரப்புதான் டிக்கியின் தரை. அதற்கும் பின்சீட்டுக்கும் நடுவே உருப்படியான தடுப்பு எதுவும் கிடையாது. அங்கே ஓர் இரும்புத் தகடு அடைப்பது ஒரு பிற்பகல் வேலைதான். எடையைப் பின்னால் தள்ள பேட்டரியை டிக்கிக்கு மாற்றுகிறவர்களுக்குச் சங்க விதிகளும் தடுப்பு வேண்டும் என்கின்றன. வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் பின்பக்கம் இருக்க வேண்டும்.

இப்போது பானட்டைத் திறக்கலாம். 289இன் பலவீனம் அதன் சிலிண்டர் ஹெட். காற்று உள்ளே வரும் வால்வு 1.78 அங்குலம், புகை போகும் வால்வு 1.45 அங்குலம்தான். அடுப்புக்கு மேல் புகைபோக்கி குறுகலாக இருக்கும் சமையலறை மாதிரி, இன்ஜின் உள்ளேயே மூச்சுமுட்டுகிறது. நல்ல அலுமினியம் ஹெட், தாராளமான எக்ஸாஸ்ட் ஹெடர் இரண்டும் சேர்ந்தால் மூச்சு விடும்; முன்பக்க எடையும் குறையும். வால்வு பெரிதானால் பிஸ்டனில் இடிக்கிறதா என்று களிமண் வைத்து அளந்து பார்த்த பிறகே மூட வேண்டும். கார்புரேட்டரில் பேராசை உதவாது. 289 கன அங்குல இன்ஜின் 6,000 சுற்றில் முழுதாக மூச்சிழுத்தால்கூட நிமிடத்துக்குச் சுமார் 500 கன அடிக் காற்றுதான் உள்ளே போகும். 600 கன அடி கார்புரேட்டர் தாராளம்.

பலரைக் கவிழ்ப்பது கேம்ஷாஃப்ட். நின்ற இடத்தில் 'தடக் தடக்' என்று அதிரும் அந்தச் சத்தத்துக்கு மயங்காதவர் குறைவு. பெரிய கேம் வைத்தால் கீழ்ச் சுற்றில் இழுவை போகும். இன்ஜினின் வேக்குவம் குறைந்து, பவர் பிரேக் உள்ள காரில் மிதி கல்லாகிவிடும். சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நின்றுபோகும். தினசரிக் காருக்கு மிதமான ரோலர் கேம் போதும். பழைய தட்டையான டாப்பெட்டோடு ஓட்டுகிறவர்கள் துத்தநாகச் சேர்மம் போதுமான ஆயில் தேடி ஊற்ற வேண்டும். புதுக் கார்களுக்கான ஆயிலில் அது குறைவு, கேம் தேய்ந்து மொட்டையாகிவிடும். பங்க் பெட்ரோலில் ஓட வேண்டும் என்பதால் கம்ப்ரெஷன் அலுமினியம் ஹெட்டோடு 10க்கு 1 என்ற அளவில் நிற்கட்டும். ரேடியேட்டரும் விசிறிக்குக் கூண்டும் புதிது போடுங்கள். கால் மைல் ஓட்டத்தில் எந்த இன்ஜினும் கொதிக்காது, கொதிப்பதெல்லாம் நெரிசலில்தான்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,400 கிலோ என்று வைத்து, எடைக்கும் குதிரைசக்திக்கும் உள்ள வழக்கமான சூத்திரத்தில் போட்டால், 200 குதிரைசக்திக்கு 14.5 விநாடி வருகிறது, 300க்கு 12.7 விநாடி, 173 கி.மீ. வேகம். பிடி சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும். என்னைக் கேட்டால், தினசரி மஸ்டாங் நிற்க வேண்டிய இடம் இந்த 12 விநாடிகளில்தான். 13.99 விநாடியிலோ அதற்குள்ளோ ஓடினால் ஹெல்மெட் கட்டாயம், அது சுலபம். 11.49ஐத் தொட்டுவிட்டால் ரோல் பார் என்ற இரும்பு வளைவு கட்டாயமாகிறது. களத்தில் ஹெல்மெட்டோடு இருக்கும்போது அது உயிர் காக்கும். சாலையில் ஹெல்மெட் இல்லாத தலைக்கு ஓர் அங்குல தூரத்தில் இரும்புக் குழாய் இருப்பது வேறு கதை. சின்ன விபத்திலும் மண்டை அதில்தான் மோதும். பின்சீட்டில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிற கார் என்றால் யோசிக்கவே தேவையில்லை.

எல்லையைத் தாண்டிப் போனவர்களும் உண்டு. 2005இல் தொடங்கிய 'டிராக் வீக்'கில் ஐந்து நாளில் ஐந்து களங்களில் ஓட வேண்டும். நடுவில் ஆயிரம் மைல் அளவுக்கு அதே காரைச் சாலையில் ஓட்டியே போக வேண்டும். 2014இல் லாரி லார்சன் தன் செவ்ரோலே எஸ்-10 வண்டியில் அங்கே 6 விநாடிக்குள் ஓடிக் காட்டினார். அந்த உழைப்புக்குத் தலைவணங்கலாம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு, காய்கறி வாங்கப் போகிற காரை வெட்டத் தொடங்கக் கூடாது.

12.8 விநாடி மஸ்டாங்குக்கு உரிய பந்தயம் பிராக்கெட் ரேஸ். உங்கள் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று நீங்களே சொல்லி, வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுத வேண்டும். நீங்கள் 12.80 என்றும் பக்கத்துத் தடத்தில் நிற்பவர் 10.50 என்றும் எழுதினால், உங்கள் பச்சை விளக்கு 2.30 விநாடி முன்னதாக எரியும். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. அதனால் இங்கே ஜெயிப்பது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடும் கார். அளவாக ட்யூன் செய்த, சூடேறாத, நாள் தவறாமல் ஓடிப் பழகிய வண்டிக்கு அது கைவந்த கலை. முடிவுக் கோட்டை நெருங்கும்போது நேரம் மிஞ்சிவிடும் என்று தெரிந்தால், கெட்டிக்காரர்கள் எதிராளியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பிரேக்கை லேசாகத் தொடுவார்கள். அந்த வேகத்தில் கார் நேராக நின்று மட்டுப்பட, முன்பக்கம் போட்ட அந்த டிஸ்க் பிரேக் வேண்டும்.